தண்ணீரில் நிற்கும் தாழைக்கு எதற்கு முள்?

திசையன்விளைக்குப் பக்கத்தில் உங்கள் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் தேரி நிலம், செம்மணல் மேட்டு நிலம், பத்து வருஷமாக ஆள் நடமாட்டம் இல்லாமல் முள்காடாகிக் கிடக்கிறது, ஜேசிபியை விட்டு ஒரே நாளில் வழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூட வந்த மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், வேறொன்று கேட்டிருக்கிறாள். "வறண்ட இடத்துல தண்ணியைச் சேமிக்க இலையெல்லாம் முள்ளா மாறிடும்னு பாடத்துல இருக்குப்பா. ஆனா இந்த உடைமரத்துல இலையும் இருக்கு, முள்ளும் இருக்கு. ஓடைத் தண்ணியில நிக்கிற தாழைக்கும் முள் இருக்கே, அது எதுக்கு?" இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன் தம்பி. பிள்ளை கேட்டதற்குப் பதில் தெரிந்தால், ஜேசிபி எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

பிள்ளையை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். "வறட்சியில் இலை முள்ளாக மாறும்" என்ற வரியைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். சப்பாத்திக்கள்ளிக்கு அந்த வரி சரி. உடைமரத்துக்கும் இலந்தைக்கும் பனைக்கும் தாழைக்கும் அது பொருந்தாது. நம் காட்டில் பெரும்பாலான முள் காவல்காரன். அரும்பாடுபட்டுச் சேர்த்த தண்ணீரைச் செலவழித்து ஒரு செடி உண்டாக்கிய இலையையும் குருத்தையும் ஆடு மாட்டின் வாய்க்குப் போகாமல் காப்பதுதான் அதன் வேலை. தண்ணீரைச் சேமிக்கும் வேலையை ஊசி போன்ற இலையும் பொடிப்பொடி இலையும் பார்த்துக்கொள்கின்றன. குத்துகிறது என்பதற்காக முள்ளையும் ஊசியையும் ஒரே கணக்கில் எழுதுவதால்தான் பாடத்தில் குழப்பம் வருகிறது.

பாடம் சரியாக இருக்கிற இடத்திலிருந்தே தொடங்குவோம். சப்பாத்திக்கள்ளியில் மட்டை மாதிரி இருப்பது இலை இல்லை, தண்டு. மழைக்குப் பிறகு புதிதாக விடும் இளம் மட்டையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அரிசி அளவில் இருந்து சுண்டுவிரல் நகம் அளவு வரைக்கும் கூம்பு கூம்பாக, சதைப்பற்றாகப் பச்சை நிறத்தில் சிறு நீட்டல்கள் இருக்கும். அவைதான் அதன் இலைகள். சில வாரங்களில் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு சிறு திண்டு, அந்தத் திண்டிலிருந்து பெரிய முட்கள் கொத்தாக வரும். அந்த முட்கள் உருமாறிய இலைகளே. பச்சையம் இல்லை, இலைத்துளை இல்லை, முழுசாக வளர்ந்தபின் உயிருள்ள திசுவும் இல்லை. ஆகவே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதன் வழியாக வெளியே போகாது. உணவு செய்கிற வேலையைப் பச்சைத் தண்டு எடுத்துக்கொண்டது. அந்தத் தண்டும் பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்தபிறகு திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. விடிந்து வெளிச்சம் வந்ததும் கதவை மூடிவிட்டு உள்ளே சமையல்.

பெரிய முள்ளைச் சுற்றி அடியில் பஞ்சு மாதிரி மஞ்சளாக இருப்பது இன்னொரு வகை. தொட்டால் கழன்று கையோடு வந்துவிடும். நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் தோலுக்குள் போனால் எளிதில் வராது. சின்ன வயதில் சப்பாத்திப்பழம் தின்றவர்களுக்கு இது தெரியும். பழத்தைக் கையால் தொடாமல் குச்சியால் தட்டிவிட்டு, தேரி மணலில் போட்டுக் காலால் இல்லை, கட்டையால் உருட்டு உருட்டு என்று உருட்டுவோம். அப்புறம்தான் பிட்டு வாயில் வைப்போம். வாயெல்லாம் ரத்தச் சிவப்பாக வீட்டுக்குப் போனால் ஆச்சி முதலில் நாக்கை நீட்டச் சொல்லி முள் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

அமெரிக்கப் பாலைவனங்களில் இந்தக் குடும்பத்து முட்கள் இன்னும் சில வேலைகள் பார்க்கின்றன. முள் அடர்ந்த கள்ளியின் நுனியில் வளரும் திசு, முட்களின் நிழலில் பகலில் குறைவாகச் சூடேறுகிறது, இரவில் குறைவாகக் குளிர்கிறது. முட்களுக்கிடையே சிக்கிய காற்று போர்வை மாதிரி. மூடுபனியிலிருந்து நீர் எடுப்பதும் உண்டு. மெக்சிகோப் பக்கத்துச் சப்பாத்தி இனம் ஒன்றைச் சீன ஆராய்ச்சியாளர்கள் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2012ல் எழுதினார்கள். முள் நுனியில் படியும் துளி, முள் அடிப்பக்கம் தடித்துப்போகிற வடிவத்தாலேயே மேல்நோக்கியும்கூட அடியை நோக்கி நகர்ந்து போகிறது, அங்கே தண்டு அதை உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது. இதை எல்லா முள்ளுக்கும் பொதுவாகச் சொல்லக்கூடாது. நம் உடை முள்ளோ இலந்தை முள்ளோ பனி குடிப்பதில்லை.

சப்பாத்தி நம் மண்ணுக்கு வந்த கதையில் முள்ளைப் பற்றிய ஒரு பாடம் இருக்கிறது. சிவப்புச் சாயப் பூச்சி வளர்ப்பதற்காகவும் வேலிக்காகவும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பரப்பப்பட்ட செடி அது. ஆடும் மாடும் தொடமுடியாததால் நூறு வருஷத்தில் மேய்ச்சல் நிலத்தையும் தோட்டத்தையும் அடைத்துக்கொண்டது. அதை அடக்கியது அரிவாள் இல்லை. 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட அதே சாயப்பூச்சி இனத்தில் ஒன்று. வெள்ளைப் பஞ்சு ஒட்டியது மாதிரி மட்டையில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி. நசுக்கினால் விரல் சிவக்கும். சில வருஷங்களிலேயே தென் தமிழ்நாட்டில் சப்பாத்திக்காடு பெருமளவு அழிந்தது. மாட்டின் வாயைத் தடுத்த முள்ளால், முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே ஊர்ந்து போகிற வாயைத் தடுக்க முடியவில்லை.

சப்பாத்தியோடு நம் ஊர்ச் சதுரக்கள்ளியையும் சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டும் தூரத்து உறவுகூட இல்லை. சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பம். கிள்ளினால் பால் வரும், சப்பாத்தியில் பால் வராது. சப்பாத்தியில் முள் கொத்தாக வரும், சதுரக்கள்ளியில் வரப்பு மாதிரி நீண்ட விளிம்பில் இரண்டிரண்டாக வரும். அந்த இரட்டை முள் இலையின் அடியில் இருபுறமும் வரும் இலையடிச் செதில் உருமாறியது. கடலுக்கு அந்தப்பக்கம் ஒன்று, இந்தப்பக்கம் ஒன்று, வேறு வேறு வழியில் வந்து ஒரே உருவத்தில் நிற்கின்றன. பிள்ளைக்குப் பால் இருக்கிறதா என்று கிள்ளிப் பார்க்க ஆசை வரும். கள்ளிப்பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, அதனால் முள்ளை மட்டும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, உடைமரத்துக்கு வருவோம். பேச்சில் ஒடமரம் என்போம். குடை விரித்ததுபோல மேலே தட்டையாகப் பரந்து நிற்பதால் குடைவேல் என்றும் பெயர். தென்னிந்தியா, இலங்கை வறண்ட பகுதிகளுக்கே உரிய மரம். நம் தேரியிலும் ராமநாதபுரம் பக்கமும் உடங்காடு என்று தனியாகச் சொல்லும் அளவுக்கு நின்றது. ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தால் இரண்டு வகை முள் தெரியும். வெள்ளை வெளேரென்று நேராக, விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று. குட்டையாகக் கொக்கி மாதிரி வளைந்தது இன்னொன்று. அவற்றுக்கு நடுவில் சீப்பின் பல்லைவிடச் சிறிய இலைகள்.

இந்த மரம் தண்ணீர்க் கணக்கில் எப்படி வாழ்கிறது என்று யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் அதற்கு வருமானம். மேற்கே மாஞ்சோலை, நாலுமுக்கு மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நேரத்தில் இங்கே வருவது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்டு வீசுகிற காற்றும் மணலும்தான். ஒரு செடி தன் உடம்பில் ஒரு கிராம் உலர்பொருள் சேர்க்க, இலைத்துளை வழியாகப் பல நூறு கிராம் தண்ணீரை ஆவியாக விட்டாக வேண்டும். ஆற்றோரத்தில் ஆடு ஒரு கிளையை மொட்டையடித்தால் மரம் பதினைந்து நாளில் தழைத்துவிடும். தேரியில் சித்திரை மாதம் அதே கிளை போனால், ஈடுகட்ட மண்ணில் தண்ணீர் இல்லை. இலை உண்டாக்குகிற செலவு அதிகம் ஆக ஆக, காவலுக்குச் செலவழிப்பது லாபம். முள் என்பது ஒரு தடவை கட்டிமுடித்தால் போதும், அப்புறம் அது தண்ணீர் கேட்காது. வறண்ட நாட்டில் முள்மரங்கள் இவ்வளவு இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

முள் இருந்தும் ஆடு உடையைத் தின்கிறதே என்று கேட்பீர்கள். தின்னும். ஆடு எப்படித் தின்கிறது என்று கால்மணி நேரம் நின்று பாருங்கள். வேப்பங்கொழுந்தில் வாய் வைத்தால் ஒரே இழுப்பில் கொத்தாக வரும், அடுத்த வாய், அடுத்த வாய் என்று போய்க்கொண்டே இருக்கும். உடையில் அப்படி முடியாது. உதட்டை நீட்டி, தலையைச் சாய்த்து, இரண்டு முள்ளுக்கு நடுவில் இருக்கிற ஒரு சிறு இலைக்கொத்தை மட்டும் நாக்கால் சுருட்டி எடுக்கும். கொக்கி முள் உதட்டில் மாட்டினால் தலையைப் பின்னுக்கு இழுக்கும், கொஞ்சம் நின்று அடுத்ததைத் தேடும். மேய்ப்பவர் ஒரே இடத்தில் நிற்கமாட்டார், கிடை போடுகிற இடத்துக்கு இருட்டுமுன் போயாக வேண்டும். அந்தச் சுணக்கம்தான் மரத்துக்குக் கிடைத்த லாபம். தென்னாப்பிரிக்காவில் 1980களில் ஆடுகளையும் மான்களையும் வைத்துச் சோதித்தபோதும் இதே முடிவு கிடைத்தது. முள் விலங்கை முழுசாகத் தடுப்பதில்லை, ஒரு கடியில் கிடைக்கிற அளவையும் கடிக்கிற வேகத்தையும் குறைக்கிறது. கென்யாவில் வேலமர வகை ஒன்றைச் சுற்றி வேலிபோட்டு ஒட்டகச்சிவிங்கி, யானை எதுவும் வராமல் செய்து பார்த்தார்கள். கடிப்பவர் வராத மரத்தில் புதிதாக வந்த முட்கள் வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிக்கொண்டே போயின. தேவையைப் பார்த்துத்தான் மரம் முள்ளுக்குச் செலவு செய்கிறது.

மேய்ப்பவர் தொரட்டியால் கிளையை வளைத்து உலுக்கும்போது விழுவது உடை நெற்று. அதை ஆடு ஓடி ஓடிப் பொறுக்கும். நெற்றுக்குக் காவல் இல்லை. நெற்றைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையோடு வேறிடத்தில் போடும், அது மரத்துக்கு வேண்டியது. இலைக்குக் காவல், நெற்றுக்கு விருந்து.

நாம் முள் என்று ஒரே பெயரில் சொல்வதெல்லாம் செடியின் ஒரே உறுப்பு இல்லை. களாவில் முள் கிளை உருமாறியது, அதனால்தான் நுனி கவட்டையாகப் பிரிகிறது. விடத்தலையில் சிறு கிளையின் நுனியே கூராகிறது, அந்த முள்ளின்மேலேயே இலை முளைத்திருப்பதைக் காணலாம். ரோஜாவிலும் தூதுவளையிலும் வெறும் மேல்தோல் புடைப்பு, பக்கவாட்டில் தள்ளினால் தோலோடு உரிந்து வந்துவிடும். கருவேலத்தில் இலையடிச் செதில். சங்கஞ்செடியில் ஒரு கணுவுக்கு நாலு முள். பச்சையாக, நேராக, நாலு திசையிலும் நிற்கும். அதன் அறிவியல் பெயரிலேயே நாலுமுள் என்ற பொருள் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது இலந்தை. ஒவ்வொரு இலையின் அடியிலும் இரண்டு முள். ஒன்று நேராகக் குத்திக்கொண்டு நிற்கும், பக்கத்தில் இருப்பது கீழ்நோக்கி வளைந்த கொக்கி. உள்ளே கை விடும்போது நேர்முள் குத்தும், வெளியே எடுக்கும்போது கொக்கி பிடிக்கும். புதருக்குள் தலையை விட்ட ஆட்டுக்கும் அதே கதி. இலந்தைப்பழம் பொறுக்கப் போய் பாவாடை கிழிந்து வந்த பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! இலந்தைக்குச் சொந்தமான சூரையின் முள்ளில் சேலை மாட்டினால் இழுக்காதே, ஒரு அடி பின்னால் வை என்று ஆச்சி சொல்வாள். கொக்கி எந்தப்பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப்பக்கமாகப் போனால்தான் அது விடும்.

ஒன்பது வயதில் எனக்கு உடைமுள் குதிகாலில் ஏறி உள்ளேயே ஒடிந்தது. ஆச்சி ஊக்கால் குடைந்து பார்த்தாள், வரவில்லை. எருக்கம்பால் சொட்டிவிட்டு, ரெண்டு நாளில் தானே தள்ளிவிடும் என்றாள். மூன்றாம் நாள் கணுக்கால் வரை வீங்கி, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். அரை அங்குலத் துண்டு அது. காய்ந்த முள்ளின் நுனியில் கிருமிகள் குடியிருக்கும், தோலைத் துளைத்து ஆழத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் நிலத்துக்குப் போகும்போது ரப்பர் செருப்பு போதாது, முள் அடியோடு துளைக்கும். தடித்த பூட்ஸ் போடுங்கள். மூட்டருகே குத்தினாலோ, ஒடிந்து உள்ளே நின்றாலோ குடையாமல் டாக்டரிடம் போங்கள், தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி தாழை. தாழை ஓரத்தில் நின்று அதன் இலை ஒன்றை நுனியிலிருந்து அடி வரை கண்ணால் தடவுங்கள். இரண்டு விளிம்பிலும் ரம்பப்பல், முதுகில் நடு நரம்பிலும் ஒரு வரிசை. மூன்று வரிசைக் காவல். கிளையின் நுனியில் இலைகள் திருகுபோலச் சுற்றிச்சுற்றி அடுக்கி, நடுவில் வெளுத்த இளங்குருத்தை மூடியிருக்கும். மாமரத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளினால் பக்கத்து மொட்டு விழித்துக்கொள்ளும். தாழையின் கிளைக்கு வாழ்வு பெரும்பாலும் அந்த ஒரே குருத்தில் இருக்கிறது. மாடு அதைத் தின்றுவிட்டால் அந்தக் கிளை முடங்கிப்போகும். தண்ணீர் எவ்வளவு கிடைத்தாலும் இந்த ஆபத்து குறைவதில்லை. அதோடு, கடலோர ஓடையில் நிற்கிற தண்ணீர் எப்போதும் குடிக்கிற தண்ணீர் இல்லை. உப்பு ஏறிய மாதங்களில் வேர் அதை உறிஞ்சுவதே பெரும்பாடு. காலடியில் தண்ணீர், வாய்க்கு வறட்சி.

பனை இன்னும் தெளிவான சாட்சி. பனைக்குக் கிளையே கிடையாது. மரம் முழுவதற்கும் ஒரே குருத்து, அது போனால் மரம் போச்சு. விதை முளைத்து வடலியாக நிற்கும் பல வருஷங்கள் அந்தக் குருத்து ஆடு மாட்டின் வாய் எட்டுகிற உயரத்திலேயே இருக்கிறது. அந்த வயதில் மட்டையின் இரு ஓரத்திலும் இருக்கிற கருக்கைப் பாருங்கள். கறுத்து, கெட்டியாக, ஒழுங்கில்லாத பற்கள். காய்ந்த மட்டையும் விழாமல் தூரோடு ஒட்டிக்கொண்டு, கருக்கை வெளியே காட்டி நிற்கும். வடலிக்குள் பந்து விழுந்தால் எடுக்கப் போகிற பையனின் முழங்காலில் கோடு கோடாக ரத்தம் வரும். உயர வளர்ந்தபிறகு மட்டைகள் உதிர்ந்து மரம் வழுவழுப்பாகிவிடுகிறது. எட்டாத உயரத்துக்குப் போன குருத்துக்குக் கீழே காவல் தேவையில்லை.

தண்ணீரில் நிற்கும் முள்மரத்துக்கு இன்னொரு உதாரணம் வேண்டும் என்றால் பிள்ளையைத் தை, மாசியில் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போங்கள். நாங்குநேரி தாலுகா, 1994ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் மற்ற நீர்ப்பறவைகளும் கூடு கட்டியிருக்கும். சில மாதம் இடுப்பளவு தண்ணீரில், சில மாதம் வெடித்த களிமண்ணில் நிற்கிற மரம் அது. சுற்றிலும் தண்ணீர், அடுத்து முள். முட்டைக்கும் குஞ்சுக்கும் இரண்டு அடுக்கு வேலி கிடைக்கிறது. மரம் தன் இலைக்காகக் கட்டிய வேலி, நாரைக்கும் உதவுகிறது.

ஊசி வேறு கதை. கடற்கரைச் சவுக்குத்தோப்பில் பச்சை ஊசி மாதிரி தொங்குவதை இலை என்று நினைக்கிறோம். அது கிளை. ஒன்றைப் பறித்து இரண்டு விரலால் மெதுவாக இழுத்தால் கணுவில் 'டக்' என்று கழலும். சிறுபிள்ளைகள் அதைத் திரும்பச் செருகி, எந்தக் கணுவில் ஒட்டினேன் சொல் பார்ப்போம் என்று விளையாடுவார்கள். கழன்ற கணுவைக் கண்ணருகே பிடித்தால் சுற்றிலும் ஆறேழு பொடிப் பற்கள் தெரியும். அவைதான் இலைகள், செதிலாகச் சுருங்கிப்போனவை. ஊசியின் நீளவாக்கில் பள்ளமும் மேடுமாகக் கோடுகள் ஓடும். இலைத்துளைகள் பள்ளத்துக்குள் மறைந்திருக்கின்றன. கடற்காற்று மேட்டைத் தடவிக்கொண்டு போகும், பள்ளத்துக்குள் ஈரக்காற்று நின்றுவிடும், நீர் போவது குறையும். இந்த ஊசி யாரையும் குத்துவதற்கு இல்லை.

கொடைக்கானலில் பார்க்கிற பைன் ஊசி உண்மையான இலை. ஒரு கொத்தில் பெரும்பாலும் மூன்று இருக்கும், மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் ஒரே உருளையாகப் பொருந்தும். இமயமலையிலும் சைபீரியாவிலும் குளிர்காலத்தில் மண்ணில் தண்ணீர் உறைந்துவிடுகிறது, வேருக்குக் கிடைக்காது. இலையை உதிர்க்காமல் அந்த மாதங்களைத் தாண்ட மெழுகுத்தோல், குழிக்குள் இறங்கிய துளைகள், குறைந்த பரப்பு எல்லாம் வேண்டும். பனியும் ஊசியில் அதிகம் தங்காது. இதற்கு எதிர்ச்சாட்சி நம் மலையிலேயே இருக்கிறது. அகத்தியமலை மழைக்காட்டில் நாகியா வாலிச்சியானா என்ற மரம் நிற்கிறது. பைன் வகையறாவில், அதாவது கூம்புத் தாவரங்களில், தென்னிந்தியாவில் இயல்பாக வளர்வது அது ஒன்றுதான். அதற்கு ஊசி கிடையாது, அகன்ற இலை. பனியும் இல்லை, வறட்சியும் இல்லை, ஊசி எதற்கு?

தேரியில் ஊசியின் வேலையைச் செய்வது உடையின் பொடி இலை. களக்காட்டு வாழை இலையைத் தேரியில் நட்டுவைத்தால் என்ன ஆகும்? வெயிலில் பெரிய இலை அடுப்பில் போட்ட தோசைக்கல் மாதிரி சூடேறும், தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வேண்டும். ஆடிக்காற்று அதை நார்நாராகக் கிழித்துவிடும். சிறிய இலை தன் சூட்டைக் காற்றிலேயே கரைத்துவிடும், தண்ணீர் செலவு குறைவு. கிழிவதற்கும் அதில் ஒன்றும் இல்லை.

வேறு வேலைக்கும் முள் உண்டு. மலைக்காட்டில் பிரம்புக்கு முள் ஏணி, சாட்டை மாதிரி நீண்ட கொடியில் உள்ள கொக்கிகளால் பக்கத்து மரத்தைப் பிடித்து வெளிச்சத்துக்கு ஏறுகிறது. புறக்கடைத் தூதுவளையும் அப்படித்தான். துவையலுக்குப் பறிக்கும்போது இலையின் முதுகு நரம்பில் இருக்கிற முள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்போமே, அந்த வளைந்த முள்தான் அதைச் சுவரிலும் வேலியிலும் ஏற்றுகிறது. நெருஞ்சிக்கு முள் வாகனம். காய் ஐந்தாகப் பிளக்கும், ஒவ்வொன்றும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும், காலிலும் டயரிலும் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். முள்ளே இல்லாமல் பிழைக்கிறவர்களும் உண்டு. எருக்குக்குப் பால் காவல். கொழிஞ்சியும் ஆவாரையும் ஆடு விரும்பாத ருசியால் தப்பிக்கின்றன.

இப்போது உங்கள் நிலம். நடுவில் அடர்ந்து நிற்பது நிச்சயம் சீமைக்கருவேலமாகத்தான் இருக்கும். அதை எடுங்கள், நானும் அதையே சொல்வேன். முள்ளால் மட்டும் அது ஜெயிக்கவில்லை. ஆழப்போகும் வேர், ஆடு தின்னாத இலை, ஆடு விரும்பித் தின்னும் இனிப்பு நெற்று, வெட்டினால் தூரிலிருந்து பத்தாகத் துளிர்க்கிற குணம் எல்லாம் சேர்ந்து ஜெயித்தது. ஆகவே மேலே வெட்டிப் பயனில்லை, தூரோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஜேசிபி சரி.

வரப்போரத்தையும் வடலியையும் விட்டுவிடுங்கள். தேரி மணல் ஒரு இடத்தில் நிற்கிற மணல் இல்லை, ஆடியில் நடக்கிற மணல். உடை, இலந்தை, களா, சங்கஞ்செடி இவற்றின் வேர்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மொத்தமாக வழித்துவிட்டால் அடுத்த ஆடியில் உங்கள் மேல்மண் பக்கத்து விளையில் கிடக்கும். பிறகு கம்பிவேலிக்கும் நீங்கள்தான் செலவு செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் உடைமுள்ளை வெட்டி, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டுபோய் வேலி அடைப்பார்கள். நீங்கள் அதையும் செய்ய வேண்டாம், வேலி உயிரோடு நிற்கிறது.

ஆள் வருவதற்கு முதல் நாள் மகளோடு ஒரு நடை போய்வாருங்கள். ஒரு கவைக்கம்பும் கொஞ்சம் சிவப்புத் துணிக்கிழிசலும் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கஞ்செடிப் புதரை மெதுவாக விலக்கி உள்ளே குனிந்து பாருங்கள். காக்கையும் மைனாவும் எச்சத்தில் போட்ட வேப்பங்கன்று அநேகமாக அங்கே நிற்கும், ஒரு முழமோ இரண்டு முழமோ. வெளியே திறந்த இடத்தில் ஆடு விடாது, உள்ளே ஆட்டின் வாய் போகாது. அந்தக் கன்று இருக்கிற புதருக்கெல்லாம் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். ஜேசிபி ஓட்டுகிறவரிடம் துணி கட்டிய இடத்துக்குப் பத்தடி தள்ளியே வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள், ஏனென்றால் இளங்கன்றின் வேர் நாம் நினைப்பதைவிட அகலமாக ஓடியிருக்கும்.